'ஸ்கேன் க்ளியர்'னு சொல்லிட்டாங்க... ஆனா இந்த மறதி? மூளைக்குக் 'கரன்ட்' வைத்தவர்களை ஆய்வுகள் ஏன் கேட்க வேண்டும்?

"ஸ்கேன் நல்லா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

மூளையில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, 'கரன்ட்' வைத்து முடித்த குடும்பங்களுக்கு இதைவிட இனிப்பான வாக்கியம் கிடையாது. ஓபி அறையை விட்டு வெளியே வரும்போதே போனில் ஊருக்குத் தகவல் போய்விடும். மறுநாள் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். ஆனால், செங்கல்பட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கும். 'எல்லாம் சரியாயிடுச்சுன்னா இவரு ஏன் இன்னும் பழைய மாதிரி இல்ல?'

சொன்னதையே திரும்பச் சொல்கிறார். கடைக்குப் போனால் பாதி பொருளோடு வருகிறார். சாயங்காலம் 4 மணிக்கே மின்சாரம் போன மாதிரி படுத்துவிடுகிறார். சட்டென்று கோபம் வருகிறது. 'வயசாகுது', 'வேலைக்குப் போகாததால சோம்பேறி ஆயிட்டாரு', 'மனசு சரியில்ல' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போதும் இதைச் சொல்ல மாட்டார்கள். அங்கே கேட்கப்படுவது "தலைவலி இருக்கா? ஃபிட்ஸ் வந்துச்சா?" என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்துவிட்டால் அடுத்தவருக்கு மணி அடித்துவிடும்.

மணி அடிப்பதற்கு முன் கேட்கப்படாத அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை யார் கேட்பது, யாரிடம் கேட்பது, எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருப்பது?

'கரன்ட்' உள்ளே என்ன செய்கிறது?

நம் ஊரில் 'கரன்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிரியக்க சிகிச்சைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இல்லை. அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்கள் கட்டியின் செல்களிலுள்ள டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தி, அவை பெருகாமல் தடுக்கின்றன. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை போன்ற பிளாஸ்டிக் மாஸ்க்கை மாட்டி, தலை அசையாமல் படுக்கவைத்து, சில நிமிடங்கள். வலிக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை, பெரும்பாலும் ஆறு வாரங்கள், 30 தடவை.

சிக்கல் என்னவென்றால், கட்டியைச் சென்றடையும் வழியிலும் கட்டியைச் சுற்றியும் இருப்பது நல்ல மூளை. அதன் மீதும் கொஞ்சம் கதிர் படத்தான் செய்யும். சிகிச்சை நடக்கும்போதே வரும் முடி உதிர்தல், வாந்தி, சோர்வு எல்லோருக்கும் தெரியும். டாக்டர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஓரிரு மாதங்கள் கழித்து தூக்கம் தூக்கமாக வரும் ஒரு கட்டம் உண்டு. அதுவும் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

மூன்றாவது கட்டம்தான் பேசப்படாதது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, சிலருக்குப் பல வருடங்கள் கழித்து வருவது. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களும், நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறையும் மெதுவாகப் பாதிக்கப்படுகின்றன. ஞாபகம், கவனம், யோசிக்கும் வேகம் குறையலாம். பிட்யூட்டரி சுரப்பி கதிர் பட்ட பகுதிக்குள் இருந்தால் ஹார்மோன்கள் குறையலாம். குழந்தைகளாக இருந்தால் உயரம் நின்றுபோகலாம். காது, கண் பாதிக்கப்படலாம். அபூர்வமாக, கதிர் பட்ட இடத்தில் திசு செத்துப்போவதும், பல வருடங்கள் கழித்து வேறொரு கட்டி வருவதும் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் 'கரன்ட்டே வேண்டாம்' என்று முடிவெடுத்துவிடக் கூடாது. பல மூளைக் கட்டிகளில் உயிரைக் காப்பாற்றுவதே இந்த சிகிச்சைதான். பின்விளைவு எல்லோருக்கும் வருவதில்லை; வந்தாலும் ஒரே அளவில் வருவதில்லை. தவிர, மறதிக்குக் கதிர் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கட்டி, ஆபரேஷன், வலிப்பு மாத்திரை, மனச்சோர்வு எல்லாமே பங்காளிகள். இதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் ஆய்வு வேண்டும்.

ஆறு வருஷத்தில் தெரியாதது, பன்னிரண்டில் தெரிந்தது

நெதர்லாந்து உதாரணம் ஒன்று. வேகமாக வளராத வகை மூளைக் கட்டி இருந்தவர்களை அங்குள்ள ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சைக்குப் பின் சராசரியாக ஆறு வருடங்களில் பார்த்தபோது, 'ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அளவு குறைவாக இருந்தால் கதிர் பெரிய பாதிப்பைத் தரவில்லை. மறதிக்கு முக்கியக் காரணம் கட்டிதான்' என்பது போன்ற முடிவு கிடைத்தது. 2002-ல் வெளியான முடிவு அது. அதே ஆட்களில் உயிரோடு இருந்தவர்களை, சராசரியாக 12 வருடங்கள் ஆனபின் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். கதிர் சிகிச்சை பெற்றவர்களின் கவனத்திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. இது 2009-ல் வெளியானது. முதல் ஆய்வோடு ஃபைலை மூடியிருந்தால், இந்த இரண்டாவது உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தியாவிலும் உலகம் கவனித்த ஒரு ஆய்வு இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 2001 முதல் 2012 வரை 3 முதல் 25 வயது வரையிலான 200 பேர் சேர்க்கப்பட்டார்கள். சாதுவான அல்லது மெதுவாக வளரும் மூளைக் கட்டி இருந்தவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கதிர் சிகிச்சை. மீதிப் பேருக்குக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப மிகத் துல்லியமாகக் குவிக்கும் முறை. இரண்டு தரப்புக்கும் 30 தடவைதான், மொத்த அளவும் ஒன்றுதான். பிறகு ஐந்து வருடங்கள் அவர்களுடைய ஐ.க்யூ-வையும் ஹார்மோன்களையும் அளந்துகொண்டே வந்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. உயிர் பிழைத்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், புதிதாக ஹார்மோன் குறைபாடு வந்தவர்கள் வழக்கமான முறையில் 51 சதவிகிதம், துல்லியமான முறையில் 31 சதவிகிதம். ஐ.க்யூ-விலும் துல்லிய முறை பெற்ற பிள்ளைகளே மேல்.

இந்த ஆய்வை நடத்திய டாக்டர் ராகேஷ் ஜலாலி, பின்னர் சென்னை தரமணியில் இருக்கும் அப்போலோ புரோட்டான் மையத்துக்கு வந்தார். 2019-ல் திறக்கப்பட்ட அந்த மையம் மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். (செலவு வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

என்னை யோசிக்க வைத்தது மும்பை ஆய்வின் முடிவைவிட, அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு. சின்னப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரவழைத்து, உட்காரவைத்து, பொறுமையாகத் தேர்வு வைத்து... நம் ஊர் அரசு மருத்துவமனை ஓபி வரிசையில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் அதன் கஷ்டம் புரியும்.

நோயாளி 'சப்ஜெக்ட்'டா, கூட்டாளியா?

ஆய்வில் நோயாளி இடம்பெறுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆய்வாளர் கேள்வி தயாரிப்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள், ரத்தம் கொடுப்பீர்கள், ஸ்கேன் எடுத்துக்கொள்வீர்கள். இன்னொன்று, எதை ஆராய வேண்டும், எதை அளக்க வேண்டும், எத்தனை தடவை வரச் சொல்லலாம், ஒப்புதல் படிவம் நம் பாஷையில் புரிகிறதா என்று முடிவெடுக்கும் மேஜையிலேயே நோயாளியும் குடும்பத்தினரும் உட்காருவது.

இரண்டாவது வகைக்கு பிரிட்டன் நல்ல உதாரணம். 2004-ல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, ஒவ்வொரு நோயிலும் நோயாளிகள், பராமரிப்பவர்கள், டாக்டர்கள் மூன்று தரப்பையும் கூட்டி, 'இன்னும் விடை தெரியாத முக்கியமான 10 கேள்விகள்' பட்டியலைத் தயாரிக்கிறது. மூளை, தண்டுவடக் கட்டிகளுக்கான பட்டியல் 2015-ல் வந்தது. அதில் ஒன்று, ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் உடலிலும் புத்தியிலும் நீண்டகாலத்தில் ஏற்படுத்தும் விளைவுகள் என்ன என்பது. களைப்பைச் சமாளிப்பது எப்படி என்பது இன்னொன்று. ஆளே மாறிப்போனவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு எது உதவும் என்பது மற்றொன்று. 'கட்டி சுருங்கியதா' என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், வீட்டுக்குள் நடப்பதும் ஆராய்ச்சிக் கேள்வியாக மாறியிருக்கிறது, பாருங்கள்.

நமக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. சென்னையில் எச்.ஐ.வி. ஆய்வுகள் நடந்தபோது பாதிக்கப்பட்டவர்களும் பொதுமக்களும் இருந்த சமூக ஆலோசனைக் குழுக்கள் செயல்பட்டன. குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென்று 1991-லேயே டாடா மருத்துவமனையில் தனி கிளினிக் தொடங்கினார்கள். மீண்டவர்களே ஒன்றுகூடும் 'உகம்' என்ற குழு 2009-ல் உருவானது. மூளைக் கட்டிக்கு அப்படியொரு குரல் நம் கடற்கரை ஊர்களிலிருந்து எழவில்லை என்பதுதான் குறை.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல். உலக மருத்துவப் புத்தகங்களில் உங்கள் ஊர் பெயர் 'சிங்கிள்புட்' என்ற பழைய ஆங்கில வடிவத்தில் அடிக்கடி வரும். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (இன்றைய திருவள்ளூர் பகுதிகள்) பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் அதில் இருந்தார்கள். 15 வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசியால் பலனில்லை என்ற, யாரும் எதிர்பாராத முடிவு இங்கிருந்துதான் போனது. அந்த ஆய்வில் கேள்வியை எழுதியவர்கள் விஞ்ஞானிகள். மக்கள் கையை நீட்டினார்கள். ஆனால், ஒரு மாவட்டத்து மக்களை 15 வருடங்கள் விடாமல் பின்தொடர முடியும் என்பதை இந்த மண் அப்போதே காட்டிவிட்டது. 'நம்ம ஊர்ல ஃபாலோ-அப் எல்லாம் நடக்காதுங்க' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கடலுக்குப் போகிறவரிடம் கடிகாரம் வரையச் சொன்னால்...

ஞாபகத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சோதனைகளில் ஒன்று 'மோகா'. மொத்தம் 30 மதிப்பெண். கடிகாரம் வரைய வேண்டும், விலங்குகளின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும், ஐந்து வார்த்தைகளைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழிலும் இருக்கிறது. 12 வருடங்களோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுப்பார்கள். நல்ல சோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால், கொக்கிலமேட்டிலிருந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் புத்தி என்பது தெண்டியா வன்னியா என்று நீரோட்டத்தைப் பார்த்து வலையை எங்கே இறக்குவது என்று சட்டென்று முடிவெடுப்பது. கரை தெரியாத இடத்தில் திசை மாறாமல் இருப்பது. இதில் ஒரு படி சறுக்கினாலும் அவர் தொழில் போயிற்று. மோகாவில் 27 மதிப்பெண் வாங்கியிருக்கலாம். 'நார்மல்' என்று எழுதிவிடுவார்கள்.

கோவளத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அக்காவுக்கு, ஒரே நேரத்தில் நாலு பேர் பேரம் பேசும் சத்தத்தில் மனக்கணக்கு போட்டு மீதிச் சில்லறை கொடுப்பதுதான் தேர்வு. மாமல்லபுரம் சிற்பிக்கோ, கல்லைப் பார்த்த மாத்திரத்தில் முகம் ஒரு தாலம் என்றால் உடம்பு எத்தனை தாலம் என்று அளவு மனதில் ஓட வேண்டும். ஒரு நாள் முழுக்க உளி பிடிக்கத் தெம்பு வேண்டும். தவறான ஓர் அடியில் ஒரு மாத வேலை போய்விடும். 'களைப்பு இருக்கிறதா? கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம்' என்று படிவத்தில் டிக் அடிப்பதில் இதெல்லாம் தெரியுமா?

நோயாளிகளை ஆய்வின் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். மரியாதைக்காக நாற்காலி போடுவது இல்லை இது. எதை அளந்தால் உண்மை தெரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வலிப்பு ஆபத்து இருப்பவர் கடலில் தனியாக இறங்கக் கூடாது என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஆனால், 'அப்ப நான் எந்த வேலைக்குப் போறது?' என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இருக்காது.

கடல் என்றதும் ஒரு விஷயம். ஞாபகத்துக்கு முக்கியமான, மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கு அந்தப் பெயர் கடல்குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வடிவம் அப்படி இருக்கும். மூளை முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டியிருக்கும்போது, இந்தக் 'கடல்குதிரை'யை மட்டும் முடிந்தவரை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் ஞாபகம் கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறது என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருந்தால் முடியாது. ஆனால், இப்படியொரு வழி கண்டுபிடிக்கப்பட்டதே, 'மறதியும் ஒரு பின்விளைவுதான், அதையும் அளக்க வேண்டும்' என்று யாரோ முடிவெடுத்ததால்தான்.

'அவருக்கு விஷயம் தெரியாது, சொல்லிடாதீங்க'

நம் ஊரில் இதற்கெல்லாம் பெரிய தடை பணமோ தூரமோ இல்லை என்பது என் எண்ணம். ரகசியம்தான். டாக்டர் அறைக்குள் மகன் முதலில் தனியாகப் போய், "அப்பாகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க சார், கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்பார். அன்பினால் செய்வதுதான், பழிக்க முடியாது. ஆனால், தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவரிடம் எந்த ஆய்வாளரும் ஒப்புதல் வாங்க முடியாது. பின்விளைவு வரும்போது அது எதனால் என்று அவருக்கும் புரியாது. தன்மீதே சந்தேகம் வந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் இறுகிப்போகிறது. பத்து வயதில் சிகிச்சை முடிந்த பெண்ணின் ஃபைலை, கல்யாண வயது வரும்போது பீரோவின் அடியில் தள்ளிவிடுவார்கள். ஃபாலோ-அப் நிற்கும். மாதவிடாய் சரியாக வராததற்கும், குழந்தை தங்காததற்கும், எப்போதும் சோர்வாக இருப்பதற்கும் ஹார்மோன் குறைபாடு காரணமாக இருக்கலாம்; அதற்கு மாத்திரையும் ஊசியும் உண்டு. ஆனால், புது டாக்டருக்குப் பழைய கதை தெரியாது. அந்தப் பெண்ணுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

மற்ற தடைகளும் இருக்கின்றன. மாமல்லபுரத்திலிருந்து அடையாறுக்கு ஒரு நாள் வந்துபோனால் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் இரண்டு பேரின் கூலி போகும். அந்தச் செலவை ஈடுசெய்யாத ஆய்வில் வசதியானவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். முடிவும் அவர்களைப் பற்றியதாகவே இருக்கும். மறதி அதிகமாக இருப்பவர்கள்தான் தேதியை மறந்து வராமல் போவார்கள். ஆய்வில் பாதிப்பு குறைவாகத் தெரியும். வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வரும் அந்தப் பணியாளர் மூளைக்குக் கரன்ட் வைத்தவர் வீட்டில் கூடுதலாக நாலு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர்களும் அதிகாரிகளும்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வில் சேரக் கூப்பிட்டால்?

பயப்பட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண குடிமகன் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2019 மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. மருந்தையோ சிகிச்சையையோ சோதித்துப் பார்க்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல்.

கேட்க வேண்டிய இன்னும் சில: "எத்தனை வருஷம் பின்தொடருவீங்க? வந்துபோற செலவு யாருது? முடிவு வந்ததும் எங்களுக்குத் தமிழ்ல சொல்வீங்களா? கேள்வித்தாளை நோயாளிங்க யாராவது பார்த்தாங்களா?" கடைசிக் கேள்விக்கு ஆய்வாளர் கொஞ்சம் நெளிந்தாலும் பரவாயில்லை.

ஆய்வு எதுவும் நடக்காத ஊரில் இருக்கிறீர்களா? அப்போதும் இரண்டு காரியம் செய்யலாம். முதலாவது, சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் கதிர் சிகிச்சைச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதிக்கு, மொத்தம் எத்தனை 'கிரே', எத்தனை தடவை என்று அதில் இருக்கும். பழைய சி.டி-க்கள் கீறிப்போகும், மருத்துவமனை மாறும், டாக்டர் ஓய்வு பெறுவார். இந்த ஒரு தாள் 20 வருடங்கள் கழித்தும் பேசும். லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், போனிலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பத்து ரூபாய் நோட்டு ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள், வீட்டில் இருப்பவர் எழுதினால் போதும். 'சிலிண்டருக்குப் பணம் கொடுத்ததை மறந்துட்டார்.' 'ரெண்டு மணி நேரம் வேலை செஞ்சதும் படுத்துட்டார்.' 'இந்த வாரம் பஸ் நம்பர் சரியா சொன்னார்.' நல்லதையும் எழுதுங்கள். அடுத்த ஓபி-யில் தலைவலியும் ஃபிட்ஸும் கேட்டு முடித்ததும், மணி அடிப்பதற்குள் அந்த நோட்டை மேஜையில் வையுங்கள். முதல் பக்கத்தின் மேலே கடைசியாகக் கரன்ட் வைத்த தேதியைப் போட மறக்காதீர்கள்; டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.